கையில் தராசு, காசில் செம்பு

பூவா, தலையா?

சின்ன வயதில் யார் முதலில் பந்து போடுவது என்பதில் தொடங்கி, தட்டில் மிஞ்சிய கடைசிக் கறிபாப் யாருக்கு என்பது வரை, இந்த ஒரே கேள்வியில் எத்தனை வழக்குகளைத் தீர்த்திருப்போம்! காசைச் சுண்டிவிட்டால் போதும், தீர்ப்பு வந்துவிடும். பழைய ரோமாபுரிப் பையன்களும் இதையேதான் செய்தார்கள். அவர்கள் கேட்டது மட்டும் கொஞ்சம் வேறு: “தலையா, கப்பலா?”

காரணம் அவர்களுடைய பழைய வெண்கலக் காசு. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு முகம் கொண்ட ஜானுஸ் தெய்வத்தின் தலை இருக்கும். மறுபக்கத்தில் ஒரு கப்பலின் முன்பகுதி இருக்கும். ஜானுஸ், வாசலுக்கும் தொடக்கத்துக்கும் உரிய சாமி. ஒரு முகம் கடந்து வந்த வழியைப் பார்க்கும். இன்னொரு முகம் இனிப் போகும் வழியைப் பார்க்கும். ஜனவரி மாதத்தின் பெயரில் இன்றும் ஒளிந்திருப்பவர் இவர்தான். அந்தக் கப்பல் காசு புழக்கத்தை விட்டுப் போய்ப் பல நூறு ஆண்டுகள் ஆன பிறகும், பையன்கள் காசைச் சுண்டி ‘தலையா, கப்பலா’ என்றே கூவினார்கள் என்று கி.பி. 5ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மக்ரோபியுஸ் குறித்து வைத்திருக்கிறார். காசு போய்விட்டது, அது சொன்ன செய்தி மட்டும் பிள்ளைகளின் வாயில் தங்கிவிட்டது.

இந்த வாரம் ரோமானியர்களின் சாமிக் காசுகளைப் பற்றித்தான் பேசப்போகிறோம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு ரோமானியக் காசில் ஏதாவது தெய்வம் சிரித்துக்கொண்டு நின்றால், உடனே கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்தத் தெய்வம் கொடுக்கும் வரம் அந்த நேரத்தில் நாட்டில் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் பதில் ‘இல்லை’ என்றுதான் வரும்.

எச்சரிக்கும் தேவி

கி.மு. 390 வாக்கில் கால் இனப் படை ரோமாபுரிக்குள் புகுந்துவிட்டது. மிஞ்சியவர்கள் கேப்பிடலின் குன்றின் மேல் அடைந்து கிடந்தார்கள். ஓர் இரவு எதிரிகள் சத்தமில்லாமல் குன்றில் ஏறினார்கள். காவல் நாய்கள் குரைக்கவில்லை. ஆனால் ஜூனோ தேவிக்கு நேர்ந்துவிட்ட பெரிய வாத்துகள், ‘கூஸ்’ என்கிறோமே அவை, கத்திக் கூப்பாடு போட்டு எல்லாரையும் எழுப்பிவிட்டன. குன்று தப்பியது. இது ரோமானியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை.

அதே குன்றில் கி.மு. 344இல் ஜூனோ மொனேட்டா என்ற பெயரில் தேவிக்கு ஒரு கோயில் எழுந்தது. ‘மொனேட்டா’ என்றால் எச்சரிப்பவள் என்று ரோமானியர்கள் பொருள் சொன்னார்கள். பிற்பாடு அந்தக் கோயிலை ஒட்டித்தான் ரோமாபுரியின் காசுப் பட்டறை நடந்தது. பட்டறைக்குக் கோயிலின் பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டறையின் பெயர் காசுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தின் ‘மனி’, காசு அச்சடிக்கும் இடத்துக்கு இருக்கும் ‘மிண்ட்’ என்ற சொல், இரண்டுமே இந்தத் தேவியின் பெயரிலிருந்து வந்தவைதாம். உலகமே பணத்துக்கு எச்சரிக்கை என்று பெயர் வைத்துவிட்டு, அதை மறந்துபோய்ப் புழங்கிக்கொண்டிருக்கிறது.

கி.மு. 46இல் டைட்டஸ் கரிசியுஸ் என்ற காசுப் பட்டறை அதிகாரி ஒரு வெள்ளிக் காசு வெளியிட்டார். ஒரு பக்கம் மொனேட்டாவின் முகம். மறுபக்கம் சுத்தியல், இடுக்கி, பட்டடை. அதாவது காசு அடிக்கும் கருவிகளையே காசில் அடித்துவிட்டார். அன்றைய வேலை முழுக்கக் கைவேலை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் வெள்ளி வில்லை. சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டால் ஒரு காசு. ரோமானியக் காசுகளில் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதும், சாமியின் தலையில் பாதி வெளியே போயிருப்பதும் இதனால்தான். அவசரத்தில் விழுந்த அடி அது.

படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்த செய்தி

நான் வானொலிக்காரன். எங்கள் தொழிலில் முதல் பாடம், கேட்பவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம், சமைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு முறை சொன்னாலே புரிய வேண்டும் என்பதுதான். ரோமானிய ஆட்சியாளர்களுக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரிந்திருந்தது. வானொலி இல்லை, செய்தித்தாள் இல்லை, மக்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. ஆனால் காசு எல்லார் கைக்கும் போகும். சிப்பாய் கைக்கு, ரொட்டிக் கடைக்காரர் கைக்கு, எல்லையோரக் கிராமத்துக்கு. அதைவிடப் பெரிய ஒலிபரப்பு அன்றைக்கு ஏது?

படத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிய வேண்டும். அதற்கு அவர்கள் பிடித்த வழி நமக்குப் பழக்கமானது. வேலைப் பார்த்தால் முருகன், வீணையைப் பார்த்தால் சரஸ்வதி என்று பத்துமலைக்குப் போகும் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் அல்லவா? ரோமானியரும் அப்படித்தான். கையில் இடி இருந்தால் ஜூபிட்டர். மூன்று முனைச் சூலம் இருந்தால் கடலரசன் நெப்டியூன். தலைக்கவசமும் ஈட்டியும் இருந்தால் மினர்வா. பாம்பு சுற்றிய கோல் இருந்தால் வியாபாரிகளின் தெய்வம் மெர்க்குரி. கோதுமைக் கதிர் என்றால் பயிர்த் தேவி சீரிஸ். மயிலைப் பார்த்தால் நமக்கு முருகன் நினைவு வரும். ரோமானியருக்கு ஜூனோ நினைவு வரும்.

கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் நகரத் தளபதி ஹானிபாலோடு ரோமாபுரி வாழ்வா சாவா என்று போராடிய காலத்தில், டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு பிறந்தது. அதன் முன்பக்கத்தில் கவசம் அணிந்த ரோமா தேவி. பின்பக்கத்தில் குதிரையில் பாய்ந்துவரும் காஸ்டர், பொல்லுக்ஸ் என்ற இரட்டைத் தெய்வங்கள். போரில் ரோமாபுரிக்குத் துணைக்கு வந்தவர்கள் என்று மக்கள் நம்பிய இரட்டையர் அவர்கள். ஊரே பயந்து கிடந்தபோது வெளிவந்த அந்தக் காசு சொன்னது ஒன்றுதான்: சாமி நம் பக்கம், தைரியமாக இருங்கள்.

எங்கள் பாட்டி வீனஸ்

ஊரின் தைரியத்துக்காக வந்த சாமிகள், மெல்ல மெல்லக் குடும்பப் பெருமைக்கு இறங்கினார்கள். காசுப் பட்டறையைக் கவனித்த இளம் அதிகாரிகள் தங்கள் குலதெய்வத்தையும் முன்னோர் கதைகளையும் காசில் போட ஆரம்பித்தார்கள்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஜூலியஸ் சீசர். தம் குடும்பம் வீனஸ் தேவியின் வழி வந்தது என்பது அவர் சொந்தம் கொண்டாடிய வரலாறு. டிராய் நகரம் எரிந்தபோது வயதான அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தப்பி வந்த ஈனியாஸ், வீனஸின் மகன். அந்த ஈனியாஸின் வாரிசுகள் நாங்கள் என்றார் சீசர். கி.மு. 47, 46 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட டெனாரியஸில் ஒரு பக்கம் வீனஸ், மறுபக்கம் அப்பாவைச் சுமக்கும் ஈனியாஸ், பக்கத்தில் ‘சீசர்’ என்ற ஒரே சொல். அதற்கு மேல் விளக்கம் தேவையா?

கி.மு. 44இன் தொடக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். அதுவரை ரோமாபுரிப் பட்டறையில் தெய்வத்துக்கும் மறைந்த பெரியவர்களுக்கும் ஒதுக்கி வைத்திருந்த முன்பக்கத்தில், உயிரோடு இருக்கும் சீசரின் முகம் ஏறியது. வீனஸ் பின்பக்கத்துக்குப் போனாள். மார்ச் 15ஆம் தேதி அவரைக் குத்திக் கொன்றார்கள். அந்தக் கொலைக்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. ஆனால் சாமியின் இடத்தில் தன் முகத்தை வைத்தவர், அரசனாகிவிடத் துடிக்கிறார் என்ற சந்தேகத்தை ஒவ்வொருவர் மடியிலும் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்பதையும் மறுக்க முடியாது.

அவருடைய வளர்ப்பு மகன் அகஸ்டஸ் கெட்டிக்காரர். மறைந்த சீசரைத் தெய்வமாக அறிவித்த பிறகு, தம் காசில் ‘தெய்வத்தின் மகன்’ என்று போட்டுக்கொண்டார். யாரும் கத்தியைத் தூக்கவில்லை.

கதவைச் சாத்திய நீரோ

பேரரசர்கள் காலத்தில் இன்னொரு கூட்டமும் காசுக்குள் வந்தது. குணங்களையே தெய்வமாக்கிய கூட்டம். அமைதிக்கு ‘பாக்ஸ்’, கையில் ஒலிவக் கிளை. விசுவாசத்துக்கு ‘ஃபிடெஸ்’. ஒற்றுமைக்கு ‘கொன்கோர்டியா’. தானிய வரத்துக்கு ‘அன்னோனா’, பக்கத்தில் மரக்கால். நேர்மைக்கு ‘ஈக்விடாஸ்’, கையில் தராசு. நம் பழைய மொனேட்டாவும் அதே தராசைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். ‘இந்தக் காசில் எடை சரியாக இருக்கிறது’ என்பதுதான் அந்தத் தராசின் செய்தி.

நீரோ மன்னனை எடுத்துக்கொள்வோம். ரோமாபுரியில் ஜானுஸ் கோயில் ஒன்று இருந்தது. போர் நடந்தால் கதவு திறந்திருக்கும். எங்கும் அமைதி என்றால் மூடுவார்கள். கி.பி. 65 வாக்கில் நீரோ, சாத்திய கதவை அப்படியே காசில் அடித்தான். நிலத்திலும் கடலிலும் ரோமானிய மக்களுக்கு அமைதி வந்துவிட்டதால் ஜானுஸின் கதவு மூடப்பட்டது என்று சுற்றிலும் எழுத்து. கி.பி. 66இல் யூதேயாவில் பெரும் கிளர்ச்சி வெடித்தது.

அந்தக் கதவுக் காசு வெளிவந்த அதே சமயத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. ஒரு ராத்தல் வெள்ளியில் 84 டெனாரியஸ் அடித்துவந்த பட்டறை, கி.பி. 64 முதல் 96 அடிக்கத் தொடங்கியது. வெள்ளியோடு செம்பும் கூடுதலாகக் கலந்தது. இதைப் பற்றிக் காசில் எழுத்து எதுவும் இல்லை.

நீரோ போன பிறகு, கி.பி. 69இல் ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள். அவர்களில் ஒருவரான விட்டெல்லியுஸ், இரண்டு கைகள் பற்றிக்கொள்ளும் படத்தைப் போட்டு, ‘படைகளின் விசுவாசம்’ என்று காசு வெளியிட்டார். ஆண்டு முடிவதற்குள் எதிரணிப் படைவீரர்கள் அவரை ரோமாபுரித் தெருவிலேயே இழுத்துப்போய்க் கொன்றுவிட்டார்கள்.

மிளகு வியாபாரி எதைப் பார்த்தார்?

இந்தக் காசுகள் ரோமாபுரியோடு நிற்கவில்லை. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாகக் கப்பலேறித் தென்னிந்தியாவுக்கு வந்தன. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் காசைக் கொண்டுபோகிறது என்று முதல் நூற்றாண்டு எழுத்தாளர் மூத்த பிளினி புலம்பியிருக்கிறார். கோவை, பொள்ளாச்சி, கரூர் வட்டாரங்களில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த ரோமானியக் காசுகள் ஏராளம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் கிடைத்த வெள்ளி டெனாரியஸ் புதையல்களில் ஒரு விசயம் கண்ணில் படும். பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். டைபீரியஸ் காசில், கையில் கிளையோடு அமைதித் தேவியின் சாயலில் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். நீரோவின் கலப்படத்துக்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் இங்கே அரிது. நல்ல வெள்ளி எது, கெட்ட வெள்ளி எது என்று மிளகு விற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே பல நாணயவியல் அறிஞர்களின் கருத்து. காசில் எந்த அம்மன் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைவிட, அம்மனுக்கு அடியில் எவ்வளவு வெள்ளி என்பதே அவர்கள் பார்த்த கணக்கு.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் சுமார் 500 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றில் மிகப் பலவற்றில் பேரரசரின் முகத்தில் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. உள்ளேயும் தங்கம்தானா என்று சோதிக்க வெட்டினார்களோ, இனி இது ரோமானியக் காசல்ல, வெறும் தங்கம் என்று காட்ட வெட்டினார்களோ, எப்படியிருந்தாலும் அந்த முகத்துக்கு இங்கே தனி மரியாதை இல்லை.

பிளினி சொல்லும் இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. கிளாடியுஸ் மன்னன் காலத்தில், அரேபியாவைச் சுற்றிப்போன ரோமானியக் கப்பலொன்று காற்றில் சிக்கி, 15 நாளில் இலங்கைக் கரையில் போய் ஒதுங்கியது. அதில் வந்தவர் அன்னியுஸ் ப்ளோகாமுஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். இலங்கை மன்னர் அவரை ஆறு மாதம் வைத்து உபசரித்தார். அவரிடம் இருந்த டெனாரியஸ் காசுகளைப் பார்த்து மன்னர் வியந்தாராம். வியப்புக்குக் காரணம் காசில் இருந்த சாமியுமல்ல, அரசனின் முகமுமல்ல. முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை எல்லாம் ஒன்றாக இருந்தது! பல அரசர்கள் மாறியும் எடை மாறவில்லை என்றால், இவர்கள் நேர்மையானவர்கள்தாம் என்று முடிவுகட்டி, ரோமாபுரிக்கு நான்கு தூதர்களை அனுப்பி வைத்தார்.

கதை எவ்வளவு தூரம் நடந்ததோ, அதில் உள்ள கணக்கு சரியான கணக்கு. வேடிக்கை என்னவென்றால், கதையை எழுதிய பிளினியின் காலத்திலேயே அந்த எடை குறைந்துவிட்டது.

நம் பக்கத்து வட்டாரத்துக்கும் ரோமானிய முகங்கள் வந்திருக்கின்றன. வியட்நாமின் மெகோங் கழிமுகத்தில் உள்ள ஓக்-ஏயோ என்ற பழைய வணிகத் தலத்தில், 1940களில் நடந்த அகழாய்வில் அந்தோனினுஸ் பியுஸ் மன்னனின் உருவம் கொண்ட பொன் வில்லை ஒன்று கிடைத்தது. கி.பி. 152ஆம் ஆண்டைச் சேர்ந்தது அது.

எங்கெங்கும் அமைதி

இனி கதையின் கசப்பான பகுதி.

கி.பி. 200 வாக்கில் டெனாரியஸில் வெள்ளி ஏறக்குறையப் பாதிதான். அப்போது ஆண்ட செப்டிமியுஸ் செவெருஸுக்குக் கரகல்லா, கெட்டா என்று இரண்டு மகன்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் ஆகாது. ஆனால் காசில் மட்டும் சகோதரர்கள் கைகோத்து நின்றார்கள். ஒற்றுமைத் தேவி கொன்கோர்டியா துணை இருந்தாள். அப்பா இறந்த அதே ஆண்டில், கி.பி. 211 டிசம்பரில், கரகல்லா தம்பியைத் தாயின் மடியிலேயே கொல்ல வைத்தான். பிறகு கல்வெட்டுகளிலும் ஓவியங்களிலும் தம்பியின் பெயரையும் முகத்தையும் சுரண்டி எடுக்கச் சொன்னான். 215இல் இதே கரகல்லா புதுக் காசு ஒன்றை இறக்கினான். இரண்டு டெனாரியஸ் மதிப்பு என்று நாணயவியலார் கணிக்கும் அந்தக் காசில் இருந்தது ஒன்றரை டெனாரியஸ் வெள்ளிதான்.

அடுத்த 50 ஆண்டுகளில் அந்தக் காசு தரையில் விழுந்தது. காலியேனுஸ் மன்னன் காலத்தைப் பாருங்கள். கி.பி. 260இல் அவனுடைய அப்பா வலேரியனைப் பாரசீக மன்னர் ஷாப்பூர் போர்க்களத்தில் சிறைப்பிடித்துக்கொண்டு போனார். மேற்கே கால் நாடு போஸ்டுமுஸ் என்ற தளபதியின் கீழ் தனியாகப் பிரிந்தது. கிழக்கு எல்லையைக் காக்கும் பொறுப்பு பல்மைரா நகரத்தின் கைக்குப் போனது. ஒரு பக்கம் கொள்ளைநோய், இன்னொரு பக்கம் எல்லை தாண்டி வரும் படைகள். அந்த நேரத்தில் காலியேனுஸ் வெளியிட்ட ஒரு பொற்காசில் எழுதியிருந்தது: ‘எங்கெங்கும் அமைதி’.

அவனுடைய மற்றக் காசுகளில் கொட்டும் செல்வக் கொம்போடு வளமைத் தேவி. ‘படையின் விசுவாசம்’ என்று ஃபிடெஸ். தராசோடு மொனேட்டா. கடைசி ஆண்டுகளில் ஒரு முழு வரிசையே வந்தது. டயானாவுக்கு மான், அப்போலோவுக்கு மனிதத் தலைக் குதிரை, நெப்டியூனுக்குக் கடற்குதிரை, மதுத் தெய்வம் லிபெருக்குச் சிறுத்தை என்று விலங்குகள் நிறைந்த வரிசை. ஒவ்வொரு தெய்வத்தையும் ‘பேரரசரைக் காப்பவர்’ என்று அழைத்தது அந்தக் காசு. இன்றைய சேகரிப்பாளர்கள் அதற்கு ‘காலியேனுஸின் மிருகக்காட்சிசாலை’ என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

இத்தனை தெய்வங்களையும் தாங்கிய அந்தக் காசில் வெள்ளி எவ்வளவு? நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைவு. மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. நாலு கை மாறினால் பூச்சு தேய்ந்து, சாமியின் மூக்கில் செம்பு தெரியும். கி.பி. 268இல் காலியேனுஸைக் கொன்றவர்கள் அவனுடைய சொந்த அதிகாரிகள். விசுவாசத் தேவி உதவிக்கு வரவில்லை.

அரண்மனைக் கதை கிடக்கட்டும். அந்தக் காசைக் கூலியாக வாங்கியவர் கதி என்ன? எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் நகரில் கிடைத்த, கி.பி. 260ஆம் ஆண்டின் பாப்பிரஸ் தாள் ஒன்றில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பேரரசர்களின் தெய்வீகக் காசை வாங்க மனமில்லாமல் காசு மாற்றும் கடைக்காரர்கள் கடையை மூடிவிட்டார்கள். உடனே திறந்து, கள்ளக் காசு தவிர எல்லாக் காசையும் வாங்க வேண்டும், மறுத்தால் தண்டனை என்று வட்டார அதிகாரி போட்ட உத்தரவு அது. கவனியுங்கள், அரசாங்கத் தாளில் அந்தக் காசுக்குப் பெயர் ‘தெய்வீகக் காசு’. கடைக்காரர்களுக்கோ அது வேண்டாத காசு.

இங்கிலாந்தின் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே 2010இல் ஒரே பானையில் 52,503 ரோமானியக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை இந்தத் தேய்ந்துபோன காலத்துக் காசுகள். எண்ணிக்கையைக் கேட்டால் வாயைப் பிளப்போம். அகஸ்டஸ் காலத்தில் ஒரு படைவீரரின் ஆண்டுச் சம்பளமே 225 டெனாரியஸ்தான். அதோடு ஒப்பிட்டால், பானை பானையாகக் காசு கிடந்த காலம் எவ்வளவு வறண்ட காலம் என்று விளங்கும்.

‘புனிதமான பணம்’

கி.பி. 301இல் டயோக்ளீஷியன் மன்னன் விலைவாசியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். கோதுமை முதல் செருப்பு வரை நூற்றுக்கணக்கான பொருள்களுக்கும் வேலைகளுக்கும் உச்சவரம்பு விலை. மீறினால் மரண தண்டனை. ஆணையின் முன்னுரையில் பழி முழுவதும் பேராசை பிடித்த வியாபாரிகள் மேல். காசில் கலந்த செம்பைப் பற்றிப் பேச்சே இல்லை. அகஸ்டஸ் காலத்தில் ஒரு ராத்தல் தங்கம் சுமார் 1,000 டெனாரியஸ். இந்த ஆணையில் அதே ஒரு ராத்தல் தங்கம் 72,000 டெனாரியஸ்.

அதே ஆண்டுகளில் வெளிவந்த காசு ஒன்றில் மொனேட்டா நிற்கிறாள். ஒரு கையில் தராசு, மறு கையில் செல்வக் கொம்பு. சுற்றிலும் உள்ள எழுத்தின் பொருள்: ‘எங்கள் பேரரசர்களின் புனிதமான பணம்’. வாத்து கத்தி ஊரைக் காப்பாற்றிய தேவிதான் இவள். எச்சரிக்க வேண்டிய நேரத்தில் அவளைக் கொண்டே எல்லாம் நலம் என்று சொல்ல வைத்துவிட்டார்கள்.

பிறகு வந்த கான்ஸ்டன்டைன், முதலில் சூரிய தேவனைத் தன் தோழன் என்று காசில் போட்டான். கிறிஸ்துவ சமயத்தின் பக்கம் சாய்ந்த பிறகு, பழைய தெய்வங்கள் ஒவ்வொருவராகக் காசை விட்டு இறங்கினார்கள். அவன் செய்த உருப்படியான காரியம் வேறு. ஒரு ராத்தல் தங்கத்துக்குச் சரியாக 72 என்ற கணக்கில் ‘சாலிடஸ்’ என்ற பொற்காசை அடித்தான். ஒரு காசு நாலரை கிராம். பின்னால் வந்தவர்கள் படத்தை எத்தனையோ முறை மாற்றினார்கள். 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஜஸ்டினியன் ஏசுநாதரின் முகத்தையே முன்பக்கத்தில் வைத்தான். ஆனால் எடையிலும் மாற்றிலும் பெரிதாக யாரும் கைவைக்கவில்லை. ஏறக்குறைய 700 ஆண்டு, பல நாட்டு வியாபாரிகள் அதை நம்பி வாங்கினார்கள்.

11ஆம் நூற்றாண்டில் மறுபடியும் கலப்படம் ஆரம்பித்தது. அப்போதும் காசில் ஏசுநாதரின் உருவம் இருந்தது. உருவம் அப்படியே இருக்க, அடியில் தங்கம் மட்டும் கரைந்துகொண்டே போனது. ஜானுஸ் ஆனாலும் ஜூனோ ஆனாலும் ஏசுநாதர் ஆனாலும், தெய்வத்தின் மேல் குற்றமில்லை. உருக்கியதும் கலந்ததும் மனிதர் கை.

நம் சொல்லில் இருக்கும் தராசு

காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. ‘அவரிடம் நாணயம் இருக்கிறது’ என்றால் சட்டைப்பையைச் சொல்கிறோமா, குணத்தைச் சொல்கிறோமா என்று இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரோமாபுரியின் 500 ஆண்டுக் கதையை அந்த ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். இரண்டு பொருளும் சேர்ந்திருந்தவரை, முகம் தெரியாத இலங்கை மன்னர்கூட அந்தக் காசை மதித்தார். பிரிந்த பிறகு, எத்தனை சாமியைக் கூப்பிட்டும் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்று நம் சில்லறையில் சாமி இல்லை. 1989இல் வந்த மலேசியக் காசுகளில் பம்பரமும் வாவ் பட்டமும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். இப்போதோ கைப்பேசியைக் காட்டினாலே பணம் போய்விடுகிறது; சுண்டிப் பார்க்கக்கூடக் காசு இல்லை. ஆனால் லட்சுமி படத்தோடும் குபேரர் படத்தோடும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ‘மாதம் இவ்வளவு லாபம்’ விளம்பரங்களுக்குக் குறைவில்லை. நம் ஆள்களில் ஓய்வுகாலப் பணத்தை, மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்ததை அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உண்டு. படத்தைப் பார்த்து நம்பினோம் என்பார்கள்.

அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால், சாமியைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. கும்பிட்ட கையோடு அந்த மிளகு வியாபாரி கேட்டதையும் கேட்டுவிடுங்கள். உள்ளே வெள்ளி எவ்வளவு? செம்பு எவ்வளவு? பதில் சொல்லாமல் படத்தையே மறுபடி காட்டினால், காசைச் சுண்டிப் பார்க்கவும் வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.